மாசாணியக்கா சொன்ன டேப்ரிக்கார்டர்

எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் மாசாணியம்மாள் உடனே பதில் சொல்ல மாட்டாள். கையிலிருப்பதைக் கீழே வைப்பாள், முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொள்வாள், கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டு, "ஆருக்குங்க?" என்பாள். மிக்ஸி என்றாலும் சரி, பிள்ளைகளுக்கு நோட்ஸ் புத்தகம் என்றாலும் சரி, டிவியில் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம் என்றாலும் சரி, முதல் கேள்வி அதுதான். பல்லடத்துக்குத் தெற்கே அந்தத் தறிக்குடோனில் பத்து வருஷமாக அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் பழகியிருந்தது. "ஒரு பேனா வாங்கறதுக்கு ஜாதகம் கேக்கறாளப்பா" என்று கேலி பேசுவார்கள். கேலி பேசிவிட்டு அவள் சொன்னதையேதான் வாங்குவார்கள்.

அவளுக்குப் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. ஆறாவது படிக்கும்போது பாதியில் நிறுத்திக் கடலைக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டுக் கூலிக்குப் போன குடும்பம். கல்யாணமான நான்காம் வருஷம், லாரியில் கிளீனராகப் போன புருஷன் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகுதான் சென்னகேசவன் முதலாளியின் குடோனுக்குத் தார் சுற்ற வந்தாள். பெரிய கோனிலிருந்து நூலைச் சின்னக் கட்டைகளில் மிஷினில் சுற்றிக் கொடுக்கும் வேலை. அந்தக் கட்டைக்குத்தான் தார் என்று பேர். தறியில் ஊடும் நூல் அதிலிருந்துதான் போகும். குடோனின் பின்சுவரை ஒட்டி வரிசையாக ஆறு ஓட்டு வீடுகள் இருந்தன. கடைசி வீடு அவளுடையது.

அந்த ஒற்றை அறையில் ஒரு ரேடியோ இருந்தது. பல்லடம் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகம் எப்போதும் ஒன்று இருக்கும். எழுத்துக்கூட்டி, விரல் வைத்துத்தான் படிப்பாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் படித்தது மறக்காது. வருஷத்துக்கு ஒருமுறை கோயமுத்தூரில் பொருட்காட்சி போட்டால் தனியாகப் பஸ் ஏறிப் போவாள். ராட்டினத்தில் ஏற மாட்டாள், அப்பளம் வாங்க மாட்டாள். புதிதாக வந்த சாமான்களை ஒவ்வொரு கடையாக நின்று பார்ப்பாள். விற்பவன் பேசுவதைவிட, வாங்கிக்கொண்டு போன பெண்கள் அதைத் திருப்பிக் கொண்டு வருகிறார்களா என்பதைத்தான் கவனிப்பாள்.

வாய் திறந்து தானாக யாரிடமும் எதையும் சொல்ல மாட்டாள். கூச்ச சுபாவம். கேட்டால்தான் சொல்வாள். அப்படிச் சொன்னவற்றில் பலது ஊருக்குள் நிலைத்துவிட்டது. இடதுகையால் எழுதி அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு, எழுத்துகளைக் குழியாக வெட்டிய மரப்பலகையைச் சொன்னாள். விரலால் தடவித் தடவி ஒரு மாதத்தில் அவன் கையெழுத்து திருந்திவிட்டது. பாலக்காட்டுக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிப் போகிற டிரைவருக்கு மலையாளம் கற்றுத்தரும் சின்னப் புத்தகம் ஒன்றைச் சொன்னாள். முதலாளி வீட்டம்மாவுக்கே புகை வராத அடுப்பு எது என்று அவள்தான் சொன்னாள். ஒரு சட்டம் வைத்திருந்தாள்: தான் பயன்படுத்திப் பார்க்காத எதையும் பிறருக்குச் சொல்வதில்லை. இரவல் வாங்கியாவது நாலு நாள் வைத்துப் பார்ப்பாள். தனக்குச் சரிப்பட்டால் பிறருக்கும் சரிப்படும் என்று நம்பினாள்.

செவ்வந்தி அவளுக்குப் பக்கத்து மிஷினில் தார் சுற்றினாள். மாசாணியம்மாளைவிட எட்டு வயது சின்னவள். அவள் புருஷன் சின்னான் அதே குடோனில் தறி ஓட்டினான். ஐந்தாவது வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களுடைய ஒரே பெண் வசந்தாமணி. எண்பத்தொன்பதில் தைப்பொங்கலுக்கு மறுநாள் பிறந்தவள். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து குடோன் மூலையில் தூளியில் கிடந்து வளர்ந்தாள்.

தறிக்குடோனுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். இருபது தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. இரண்டு விரலைத் தேய்த்தால் நூல் அறுந்துவிட்டது. நெற்றியில் குறுக்காகக் கோடு இழுத்தால் முதலாளி வருகிறார். கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் படும்படி கையை ஆட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றாலும் கை நிற்காது. வீட்டுக்குள் சோறு போடச் சொல்வதும் கையால்தான், பிள்ளையைக் குளிக்கக் கூப்பிடுவதும் தோளைத் தொட்டுத்தான்.

வசந்தாமணி இந்தக் கைப்பேச்சை ஒன்றரை வயதிலேயே பிடித்துக்கொண்டாள். தண்ணீர், சோறு, முட்டாய், தூக்கிக்கொள், பூனை, அப்பா எல்லாம் கையாலேயே சொல்வாள். முதலாளி வந்தால் நெற்றியில் கோடு இழுத்துக் காட்டிவிட்டு ஓடி ஒளிவாள். குடோனே சிரிக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, வெளியே வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும் முன்பே அவள் கைதட்டுவாள். முதல் தறி ஓட ஆரம்பித்த அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வந்துவிடும். "புள்ளைக்குப் பாம்புக் காதுடா" என்பான் சின்னான். மூன்று வயது முடிந்தும் வாயில் ஒரு சொல் வரவில்லை என்பது மட்டும் செவ்வந்திக்கு உறுத்தியது.

ஒருநாள் டீ நேரத்தில் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, என்ற புள்ளைக்குப் பேச்சே வர மாட்டேங்குது. எல்லாரும் வரும் வரும்ங்கறாங்க. நீங்க படிக்கறவங்க, ஏதாச்சும் சொல்லுங்க."

அன்றைக்கு மாசாணியம்மாள் யாருக்கு என்று கேட்கவில்லை. தூளியில் கிடந்த நாளிலிருந்து அவள் மடியில் வளர்ந்த பிள்ளை, கேட்க என்ன இருக்கிறது.

"பேச்சுங்கறது காதுல உழுந்தாத்தானே கண்ணு வரும்" என்றாள். "இங்க பேச்சு எங்க உழுகுது. நாள் முச்சூடும் தறிதான் பேசுது. நாம எல்லாரும் கையத்தான் ஆட்டறோம். அப்பறம் புள்ள ஆரப் பாத்துப் பேசும்?"

"அதுக்கு என்னுங்க பண்றது?"

"யோசிச்சுச் சொல்றேன்."

ஒரு வாரம் யோசித்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரிடம் குழந்தைப் பாட்டு கேசட் இருந்தது. டேப்ரிக்கார்டரோடு இரவல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தினமும் கேட்டாள். நான்காம் நாள் அதிலிருந்த ஆங்கிலப் பாட்டு இரண்டு அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது. தறிச் சத்தத்திலும் பெட்டியைக் காதோடு வைத்தால் தெளிவாகக் கேட்டது. ஆறாவது கூட முடிக்காத தனக்கே வருகிறதென்றால் பிள்ளைக்கு ஏன் வராது என்று நினைத்தாள். "ஒரு டேப்பு வாங்கிரு கண்ணு. கேட்டுட்டே இருந்தா பேச்சு வந்துரும்" என்று சொன்னாள்.

அது தொண்ணூற்றிரண்டு ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் உக்கடம் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ரசாக் பாயின் கடை. பழைய ரேடியோ, டேப்ரிக்கார்டர் எல்லாம் சரிசெய்து விற்பார். மாசாணியம்மாள் தன் ரேடியோவை அவரிடம்தான் வாங்கியிருந்தாள். பொருளில் உள்ள குறையை அவரே முதலில் சொல்லிவிடுவார் என்பதால் அவர்மேல் நம்பிக்கை.

"வாங்கம்மா. ரேடியோ எப்படிப் பாடுது?"

"நல்லாருக்குதுங்க பாய்."

"நல்லாருக்குதுன்னு சொல்றதுக்குப் பல்லடத்துலருந்து யாரும் பஸ் ஏற மாட்டாங்க. என்ன வேணும், சொல்லுங்க."

செவ்வந்திதான் சொன்னாள். ரசாக் பாய் மூன்று டேப்ரிக்கார்டர்களை எடுத்து வைத்தார். "இது பாக்க அழகு, உள்ள ஒண்ணுமில்ல. இது பாடும், ஆனா கேசட்டத் தின்னுரும். இதை எடுத்துக்குங்க" என்று மூன்றாவதைக் காட்டினார். சாமானை விற்பதற்கு முன்னால் சத்தத்தை முழுதாகத் திருகிக் காட்டுவது அவர் வழக்கம். ஸ்பீக்கரில் கரகரப்பு இருந்தால் அப்போது தெரிந்துவிடும். திருகினார். சந்தே அதிர்ந்தது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பாய், உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், கொறைங்க" என்றாள். எதிர்க்கடையில் யாரோ ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

வசந்தாமணி செவ்வந்தியின் இடுப்பில் உட்கார்ந்து, கடையில் தொங்கிய கலர் பல்புச் சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

ரசாக் பாய் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். "இது என்னம்மா, பட்டாளத்துல சேத்துரலாம் போல இருக்குதே. அசையக் காணமே."

செவ்வந்தி சிரித்தாள். "இருவது தறி ஓடறப்பத் தூங்கற புள்ளைங்க பாய் இவ. உங்க டேப்பு இவளுக்கு எம்மாத்தரம்."

ரசாக் பாய் சிரிக்கவில்லை. இன்னும் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுக்கிற மாதிரி இருந்தது. அப்போது, யாரும் கேட்காமல் பேசாத மாசாணியம்மாள் பேசினாள்.

"தறியோரம் வளந்த புள்ளைங்க எல்லாம் இப்படித்தானுங்க பாய். சத்தம் அதுகளுக்குப் பழகிப்போகும்."

"உங்களுக்குத் தெரியாததா" என்றார் அவர். பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். குழந்தைப் பாட்டு கேசட் ஒன்றையும் கதை கேசட் ஒன்றையும் தன் கணக்கில் சேர்த்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டதும் வசந்தாமணி அதைவிட்டு நகரவில்லை. ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பிறகு கன்னத்தை வைத்தாள். கண் பாதி மூடியது. மெள்ள ஆடினாள். கேசட் ஓடி முடிந்து பெட்டி நின்றதும் எழுந்து ஓடி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள், திருப்பிப் போடச் சொல்லிக் கையைப் புரட்டிக் காட்டினாள். செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னான் குடோன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "மாசாணியக்கா சொன்ன டேப்பு. புள்ள சோத்த மறந்து கேக்குது." பேச்சு தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இது நல்ல மருந்து என்று பக்கத்துக் குடோன்களிலிருந்தும் ஆட்கள் வந்து விசாரித்தார்கள். மாசாணியம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் வாழ்க்கையில் அவளைப் பார்த்து ஜனங்கள் அப்படி முகம் மலர்ந்தது அந்த ஒரு வருஷம்தான்.

பேச்சுதான் வரவில்லை. இன்னும் நாலு மாதம் பார்க்கலாம் என்றாள் மாசாணியம்மாள். சனிக்கிழமை காலையில் முதலாளி வீட்டு டிவியில் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டும் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். எழுத்துப் படப்புத்தகம் சொன்னாள். இடதுகைப் பையனுக்குச் சொன்ன மரப்பலகையையும் சொன்னாள். வசந்தாமணி எல்லாவற்றையும் மடமடவென்று பிடித்துக்கொண்டாள். நாலரை வயதில் 'அ'விலிருந்து பத்து எழுத்து தரையில் கரியால் எழுதினாள். ஆட்டைப் பார்த்தால் ஆடு படத்தைக் கொண்டு வந்து காட்டினாள். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பேச்சு மட்டும் வராமலா போகும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில், தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தியும் சின்னானும் அந்தியூரில் சொந்தத்தில் ஒரு ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். வசந்தாமணி மாசாணியம்மாளோடு இருந்தாள். மத்தியானம் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்து போடச் சொன்னாள். போட்டுவிட்டு மாசாணியம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று திரும்பினாள்.

ரிப்பன் அறுந்திருந்தது. கேசட்டுக்குள் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் அதிர்ந்து ஓடியது, பாட்டு இல்லை. வசந்தாமணி பெட்டியில் கன்னத்தை வைத்து, கண் பாதி மூடி, எப்போதும் போல மெள்ள ஆடிக்கொண்டிருந்தாள்.

மாசாணியம்மாள் கீரையைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாத பெட்டியை அந்தப் பிள்ளை வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தது.

பிறகு எழுந்தாள். அடுக்களை மூலையிலிருந்து இரண்டு பித்தளைத் தட்டங்களை எடுத்தாள். தரை அதிரக் கூடாது என்று கால் விரலில் நடந்து பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றாள். பலமெல்லாம் சேர்த்து ஒன்றோடு ஒன்றை அறைந்தாள். தன் காதே அடைத்துக்கொண்டது. பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தரம் அறைந்தாள்.

நாலாவது வீட்டிலிருந்து குரல் வந்தது. "என்னுங்கக்கா, எலிங்களா?"

"ஆமா கண்ணு" என்றாள் மாசாணியம்மாள். "எலிதான்."

அறுந்த ரிப்பனை ஒட்டினாள். திரும்பப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. பாட்டு நின்றதும் நிற்காததும் அதற்கு ஒன்றுதான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக ஆயிற்று.

சாயங்காலம் அவர்கள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். செவ்வந்தி அந்தியூரிலிருந்து பலகாரம் கட்டிக்கொண்டு வந்தாள். "புள்ள தொல்ல பண்ணுச்சுங்களா அக்கா? என்னதான் பண்ணுனா?" என்று கேட்டாள். "டேப்புக் கேட்டுட்டு இருந்தா" என்று சொன்னாள் மாசாணியம்மாள். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலு நாள் கழித்து, டீ நேரத்தில், சின்னானும் இருக்கும்போது ஆரம்பித்தாள்.

"கண்ணு, ஒருக்கா புள்ளயக் கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வந்தா என்ன?"

"எதுக்குங்கக்கா?" என்றான் சின்னான்.

"பேச்சுக்குத்தான்."

"அதுக்குத்தான் நீங்க வைத்தியம் பண்ணிட்டீங்களே. எங்கப்பனுக்கே அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சாம். அப்பறம் சாகற வரைக்கும் வாய மூடுனாரா?" எல்லோரும் சிரித்தார்கள். "டாக்டருகிட்டப் போனா இல்லாத நோவையும் எழுதிக் குடுப்பான். உங்க டேப்பே போதுமுங்க. அதுமேல இருக்கற நம்பிக்கை எனக்கு எந்த டாக்டருமேலயும் இல்லீங்க."

காது என்ற ஒரு சொல்லை அப்போது சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைச் சொன்னால், உக்கடத்தில் ரசாக் பாயிடம் பேசியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றே கால் வருஷமாகச் சத்தமே கேட்காத பிள்ளைக்குப் பாட்டுப் போட வைத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "செரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து மிஷினுக்குப் போனாள்.

தீபாவளியன்று வாசலில் எல்லாப் பிள்ளைகளும் கூடின. சின்னான் ஒரு பெரிய சரவெடியைப் பிரித்து நீளமாகப் போட்டான். அதைப் பற்ற வைக்கக் குனிந்தபோதுதான் மாசாணியம்மாளுக்கு உறைத்தது. வெடிக்கும்போது பிள்ளை சும்மா நிற்கும். பத்துப் பேர் பார்ப்பார்கள். உக்கடத்தில் சொன்ன சமாதானம் இங்கேயும் எடுபடுமா என்று தெரியவில்லை. அவள் பின்னாலிருந்து ஓடிப்போய் வசந்தாமணியின் இரண்டு காதையும் தன் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தி, முகத்தை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"பாரு, பெத்தவளுக்கு மேல இருக்கறா" என்றார் முதலாளி வீட்டம்மா. செவ்வந்தி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

அதற்கப்புறம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. தைக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மாசிக்குள் என்று தள்ளிப்போட்டாள். கோயில் நோம்பி முடியட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆட்கள் வந்து ஏதாவது கேட்டால் அவள் பதில் சொல்வது குறைந்துபோனது. நூலகப் புத்தகம் திருப்பித் தராமல் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. உடம்பு சரியில்லையா என்று செவ்வந்தி ரசம் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தாள்.

தொண்ணூற்று நாலு ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். பெரிய டீச்சர் பெயர் கேட்டார். பிள்ளை அவர் வாயையே பார்த்தது. டீச்சர் ஒன்றும் பேசாமல் எழுந்து அதன் பின்னால் போனார். கையைத் தட்டினார். மேஜைமணியை எடுத்து அடித்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "அம்மா, உங்க பொண்ணுக்குக் காது கேக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "நல்லாக் கேக்கும் டீச்சர், தினமும் டேப்புக் கேக்கறா" என்றாள் செவ்வந்தி.

அடுத்த வாரம் கோயமுத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம். குடோன் அமைதியாக இருந்தது. செவ்வந்தி நேராக மாசாணியம்மாளிடம் வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"பொறந்ததுலருந்தே இல்லையாமுங்க அக்கா. காதுக்கு ஒரு மிஷினு குடுப்பாங்களாம், நெஞ்சுல பொட்டியாட்ட மாட்டி ஒயரு போட்டு. சத்தம் கொஞ்சம் தெரியுமாம். பேச்சு வருமான்னு கேட்டேன். ரெண்டு வயசுல, மூணு வயசுல கொண்டாந்திருக்கோணும்னாரு. அஞ்சரை ஆயிருச்சேன்னாரு. ஒவ்வொரு மாசமும் கணக்கு அம்மான்னாரு."

மாசாணியம்மாள் கையிலிருந்த தார்க்கட்டையைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல எப்பச் சந்தேகம் வந்துச்சுன்னு கேட்டாருங்க. போன வாரமுங்கன்னேன். அவரு என்னையப் பாத்தாரு பாருங்க அக்கா ஒரு பார்வ. பெத்தவளாடி நீன்னு கேக்கலை, அவ்வளவுதான். ஆருக்குமே தெரியலையே அக்கா. இத்தன பேரு இருக்கறோம், ஒருத்தருக்குக்கூடத் தெரியலையே."

இந்த இடத்தில் சும்மா இருந்துவிட்டால் விஷயம் அதோடு மூடிக்கொள்ளும். மாசாணியம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றாள்.

செவ்வந்திக்குப் புரியவில்லை. "என்னுங்க தெரியும்?"

"நீங்க அந்தியூரு போனன்னிக்குத் தெரியும். கேசட்டு அறுந்துபோச்சு. பாட்டு இல்லாமயே கேட்டுட்டு இருந்தா. தட்டத்தத் தட்டிப் பாத்தேன். திரும்பல. சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தேன். வாய் வரல."

செவ்வந்தி விரலை மடக்கினாள். ஐப்பசி, கார்த்திகை என்று வாய்க்குள்ளேயே எண்ணினாள்.

"எட்டு மாசம்" என்றாள்.

"ஆமா கண்ணு."

"அப்ப தீவாளிக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்."

"ஆமா."

"தீவாளிக்கு அவ காதப் பொத்துனீங்களேக்கா."

செவ்வந்தி திட்டுவாள், ஆளைக் கூட்டுவாள் என்று மாசாணியம்மாள் காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். செவ்வந்தி தரையில் கையூன்றி எழுந்தாள். "வாரேனுங்க" என்று, யாரோ வேற்று ஆளிடம் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் முதலாளியிடம் சொல்லித் தன் மிஷினைக் கதவோரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. சின்னான் கடைசி வரைக்கும், "பாவம், மாசாணியக்காளும் நம்மளாட்ட ஏமாந்துபோச்சு" என்றே பேசிக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பேசும்போதெல்லாம் செவ்வந்தி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

டாக்டர் கொடுத்த காது மிஷினை வசந்தாமணி இரண்டு மாதம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். திடீரென்று சத்தம் என்று ஒன்று வந்ததும் அவள் பயந்துபோனாள். தறி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போது மாசாணியம்மாள் ஒரு வேலை செய்தாள். பல்லடம் நூலகத்தில், காது கேளாத பிள்ளைகளுக்கு வீட்டில் எப்படிச் சொல்லித்தருவது என்று ஒரு பழைய சின்னப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, முழுவதையும் நாற்பது பக்க நோட்டில் தன் கையால் எழுதினாள். மூன்று மாதம் ஆயிற்று. அதை ஐந்தாம் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். காலையில் அந்த நோட்டு அங்கே இல்லை. யார் எடுத்தார்கள், படித்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

தொண்ணூற்றைந்தில் பிள்ளையைக் கோயமுத்தூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். கிளம்பும் அன்று வசந்தாமணி கடைசி வீட்டுக்கு ஓடி வந்து மாசாணியம்மாளின் தோளைத் தட்டினாள். பஸ், ஊர், நிறையப் பிள்ளைகள் என்று கையால் சொன்னாள். நீயும் வா என்றாள். செவ்வந்தி ரோட்டோரத்திலேயே பையோடு நின்றாள். கூப்பிடவுமில்லை, தடுக்கவுமில்லை.

மாசாணியம்மாள் அதற்குப் பிறகு யாருக்கும் எந்தப் பொருளையும் சொல்லவில்லை. பொருட்காட்சிக்குப் போவதில்லை. ரேடியோவை இடதுகைப் பையனின் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் கிளாசுக்குப் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று போன மாதம்கூட ஒருவர் வந்து கேட்டார். தெரியாது என்று சொல்லி அனுப்பினாள்.

இது தொண்ணூற்றொன்பது. வசந்தாமணிக்குப் பத்து வயது. ஐந்தாவது படிக்கிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், கணக்கில் வகுப்பில் முதலாவது. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால் கடைசி வீட்டுக்கும் ஒருதரம் வந்துவிட்டுப் போவாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அம்மா, தண்ணி, வா என்று மூன்று சொல் பேசுகிறாள். அவற்றை அவள் சொல்லும்போது செவ்வந்திக்குப் புரிகிறது. மற்றவர்களுக்குப் புரிவதில்லை.